ஆங்கிலத்தில் ‘அறிவித்தல்’ எத்தனை வகை? பலகை எழுதப்போய் மாட்டிக்கொண்டேன்

நிலாவெளிப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். நிலாவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். எந்த விடுதி என்று கேட்காதீர்கள். சென்ற கிழமை வாடைக்காற்று ஏறி, கடல் கரையெல்லாம் நுரை தள்ளியது. புறாத்தீவுக்குப் படகு விடுவதை நிறுத்திவிட்டார்கள். மாரியிலும் நாலைந்து வெளிநாட்டார் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு அறிவித்தல் எழுதிப் படிக்கட்டடியில் வை என்று முகாமையாளர் சொன்னார். எழுதினேன். தலைப்பு ‘எ நியூஸ் ஃபோர் த கெஸ்ட்ஸ்’. அதன் கீழே ‘வீ அனவுன்ஸ் யூ, த சீ இஸ் டேஞ்சர்’.

ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. “கடலே ஆபத்து என்றால் நாங்கள் எல்லோரும் தீவில் அல்லவா இருக்கிறோம்” என்று என் கையைத் தட்டிவிட்டு, இதை ‘டனோய்’ மூலம் சொன்னால் என்ன என்று கேட்டார். டனோய் என்றால் என்னவென்று தெரியாமலே தலையாட்டிவிட்டேன்.

தமிழில் கடல் பொங்கினாலும் அறிவித்தல், அடையாள அட்டை தொலைந்தாலும் அறிவித்தல், ஆள் செத்தாலும் அறிவித்தல். ஆங்கில அகராதியைத் திறந்தால் நியூஸ், புலட்டின், நோட்டிஸ், அனவுன்ஸ்மென்ட், வோர்னிங், அலேர்ட் என்று நீண்டுகொண்டே போகிறது. எதை எங்கே வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலை வாத்தியார்

பிள்ளை, முதலில் அந்த ‘எ’யை எடுத்துவிடுங்கள். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். அந்த ஒற்றை எழுத்துக்காக நான் செலவழித்த சிவப்பு மை ஒரு குடம் வரும்.

நியூஸ் எண்ண முடியாத சொல். தண்ணீரை ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் என்று எண்ணுவோமா? ‘எ பீஸ் ஒஃப் நியூஸ்’ அல்லது ‘எ நியூஸ் ஐட்டம்’ என்றுதான் ஒன்றாக்க வேண்டும். கடைசியில் ‘ஸ்’ இருக்கிறது, பன்மை போலத் தெரிகிறது, ஆனால் வினை ஒருமையில் வரும்: ‘த நியூஸ் இஸ்’. ஒரு காலத்தில் அது பன்மையாகவும் நடந்தது. ஷேக்ஸ்பியரிடம் இரண்டு வழக்கும் இருக்கின்றன. புதியவை என்ற பொருளில் பிறந்த சொல் அது. நோர்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து வந்தது என்று பட்டிமன்றங்களில் சொல்வார்கள். நானும் இளமையில் வகுப்பில் சொன்னதுண்டு. தவறு. என்னிடம் படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் மன்னிக்கவும்.

நமது சொல்லைப் பாருங்கள். செய்தி என்றால் பழந்தமிழில் செயல். செய் என்ற வேரில் நிற்கிறது. ஆங்கிலேயனுக்குப் புதிதாக இருந்தால் அது நியூஸ். நமக்கு யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். ‘எ நியூஸ்’ என்ற பிழையும் இங்கேதான் பிறக்கிறது. ஒரு செயல், இரண்டு செயல் என்று எண்ணலாம், புதுமையை எப்படி எண்ணுவது?

அடுத்தது ‘அனவுன்ஸ் யூ’. எதை அறிவிக்கிறோமோ அதுதான் அந்த வினைக்கு அடுத்து வரும். யாருக்கு என்பது ‘டு’ போட்டுத் தள்ளி வரும். விருந்தாளியின் கையில் நேராகக் கொடுக்க வேண்டுமானால் ‘இன்ஃபோர்ம்’ என்ற வினை இருக்கிறது. ‘அனவுன்ஸ் யூ’ என்றால், அரண்மனை வாசலில் ஒருவன் நின்று உங்கள் பெயரைக் கூவி உள்ளே அனுப்புகிறான் என்று ஆகும்.

சொல்லாடி

வாத்தியார் ஐயா இலக்கணத்துக்குள் நுழைந்துவிட்டார், இனி மாலைதான் வெளியே வருவார். தங்கச்சி கேட்டது அதுவல்லவே. பலகையில் எழுதியது அனவுன்ஸ்மென்டே அல்ல. அது நோட்டிஸ். வாயால் சொல்லிக் காதால் கேட்பது பெரும்பாலும் அனவுன்ஸ்மென்ட். ஒட்டி வைத்துக் கண்ணால் பார்ப்பது நோட்டிஸ். அதனால்தான் ‘நோட்டிஸ் போர்ட்’ என்கிறார்கள், ‘அனவுன்ஸ்மென்ட் போர்ட்’ என்று பொதுவில் சொல்வதில்லை. பத்திரிகையில் வரும் கலியாண நிச்சய விளம்பரம் போன்ற விலக்குகள் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள்.

இன்னொன்று. ‘அறிவித்தல்’ என்பதே சரியா? தமிழ்நாட்டில் எல்லோரும் ‘அறிவிப்பு’ என்கிறார்கள். நாம் மட்டும் ஏன் இழுக்கிறோம்?

மொழிபெயர்க்கிறவள்

சொல்லாடி அவர்களே, இழுக்கவில்லை. இந்தத் தீவில் பேருந்து நிலையத்திலும் பத்திரிகையிலும் வானொலியிலும் அறிவித்தல்தான். அதற்காக ‘அறிவிப்பு’ பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மரண அறிவித்தலை ‘மரண அறிவிப்பு’ என்று வாசித்தால் எனக்கு யாரோ ஊருக்குப் புதிதாக வந்தவர் செத்ததுபோல் இருக்கும்.

அந்த மரண அறிவித்தலிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளில் அதன் தலைப்பு ‘ஒபிச்சுவரி’. இங்கிலாந்துப் பத்திரிகையில் ஒபிச்சுவரி என்றால் இறந்தவரின் வாழ்க்கையை ஒருவர் உட்கார்ந்து எழுதும் கட்டுரை. மனைவி, மக்கள், மருமக்கள், தகனம் எத்தனை மணிக்கு என்று நாம் போடுவதற்கு அங்கே ‘டெத் நோட்டிஸ்’ என்று பெயர். இலண்டனில் இருக்கும் பிள்ளைகள் அங்கே ஒபிச்சுவரி போட வேண்டும் என்று கேட்டால் பத்திரிகைக்காரர் குழம்புவார், இறந்தவர் அவ்வளவு பிரபலமா என்று.

கிண்ணியா நானா

மரண அறிவித்தல் என்றதும் எனக்கு எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வருகிறது. பெயர் பிறகுதான் வரும். முதலில் ‘இன்னாலில்லாஹி’ என்று தொடங்குவார்கள். அந்த முதற்சொல்லிலேயே சமையலறையில் கரண்டி நிற்கும், வயலில் மண்வெட்டி நிற்கும். யார் என்று கேட்க ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். செய்தியைவிட அந்த முன்சொல்தான் பெரியது என்று நான் எண்ணுவதுண்டு. ஆங்கிலத்தில் அப்படி ஏதும் இருக்கிறதா?

உவர்மலை வாத்தியார்

நல்ல கேள்வி நானா. இருக்கிறது. இன்று ‘அட்டென்ஷன் ப்ளீஸ்’. பழைய இங்கிலாந்தில் ஊர் கூவி மணியை ஆட்டிக்கொண்டு ‘ஓயே, ஓயே, ஓயே’ என்று மும்முறை கத்துவான். அது ஆங்கிலமே அல்ல. நோர்மன்காரர் கொண்டுவந்த பிரெஞ்சு. ‘கேளுங்கள்’ என்று பொருள். நூற்றுக்கணக்கான வருடங்களாக அர்த்தம் தெரியாமலே கத்தியிருக்கிறார்கள், கேட்டவர்களும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

நம்மிடம் அந்த வேலையை முரசு செய்தது. மணிமேகலையின் முதற்காதைக்கே பெயர் விழாவறை காதை. யானைப் பிடரியில் முரசை ஏற்றி, இந்திர விழா வருகிறது, தெருவை அலங்கரியுங்கள் என்று ஒருவன் அறிவிக்கிறான். ‘அறைதல்’ என்றால் அடித்தல், அதுவே சொல்லுதலும். ‘பறை’ என்றால் கொட்டும் கருவி, பறைதல் என்றால் பேசுதல். மட்டக்களப்புப் பக்கம் வயதானவர்கள் பறைகிறார்கள், மலையாளத்தார் இன்றும் பறைகிறார்கள். ஆங்கிலத்தின் ‘அனவுன்ஸ்’ லத்தீனில் தூதன் என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘ப்ரொனவுன்ஸ்’, ‘டினவுன்ஸ்’, ‘ரினவுன்ஸ்’ எல்லாம் அந்தத் தூதன் பெற்ற பிள்ளைகள். அவர்கள் ஆளைப் பார்த்தார்கள், நாம் ஓசையைக் கேட்டோம்.

டனோய் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது இலண்டனில் 1926இல் தொடங்கிய ஒலிபெருக்கி நிறுவனத்தின் பெயர். டன்டலம் கலப்புலோகம் என்பதைச் சுருக்கி வைத்த பெயர். பிரித்தானியருக்கு ரயில் நிலையத்தில் தொங்குவதும் டனோய், கப்பலில் தொங்குவதும் டனோய், எந்த நிறுவனம் செய்திருந்தாலும். அமெரிக்கரிடம் சொன்னால் விழிப்பார். அவருக்கு அது ‘பீ ஏ சிஸ்டம்’.

நிலாவெளிப் பெண்

சேர், நன்றி. எங்கள் விடுதியில் டனோய் கிடையாது. சமையல்காரர் தட்டும் மணி ஒன்று இருக்கிறது.

சல்லிக் கரை

வாத்தியார் சேர் மும்முறை என்று சொன்னார். கடலிலும் எல்லாம் மும்முறைதான். என் தகப்பன் கடற்றொழிலாளி. நான் சில வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தேன். வி எச் எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசை எப்போதும் திறந்தே இருக்கும். அதில் மூன்று சொல் படிக்காமல் யாரும் கடலுக்குப் போகக் கூடாது.

‘மேடே, மேடே, மேடே’ என்றால் கப்பலோ உயிரோ போகப்போகிறது, உடனே உதவி வேண்டும். ‘பான் பான்’ மும்முறை சொன்னால் அவசரம், ஆனால் இன்னும் மூழ்கவில்லை. இயந்திரம் நின்றுவிட்டது, ஆளுக்குச் சுகமில்லை, அப்படி. ‘செக்யூரிட்டே’ மும்முறை என்றால் இது பாதுகாப்புத் தகவல், கேட்டுக்கொள்ளுங்கள். காற்று வருகிறது, மிதவை விளக்கு அணைந்திருக்கிறது, மரக்கட்டை மிதக்கிறது என்று பின்னால் வரும். முதற்சொல்லைக் கேட்டதுமே படகைத் திருப்புவதா, தேநீரைக் குடித்து முடிப்பதா என்று தெரிந்துவிடும். நானா சொன்ன இன்னாலில்லாஹி போலத்தான்.

மூன்றுமே பிரெஞ்சு வாசனை. மேடே என்பதற்கும் மே மாதத்துக்கும் சம்பந்தமில்லை. 1923இல் இலண்டன் குரோய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த மொக்ஃபோர்ட் என்பவர் உண்டாக்கியது. அங்கே வந்துபோன விமானங்களில் பெரும்பாலானவை பாரிஸ் பக்கத்தவை, அதனால் பிரெஞ்சில் ‘எனக்கு உதவு’ என்பதுபோல் ஒலிக்கும் சொல்லாகத் தேர்ந்தார்.

தங்கச்சி, உங்கள் பலகை செக்யூரிட்டே வகை. மேடே போல எழுதினால் ஆட்கள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள்.

மூதூரான்

சல்லிக்காரர் சொன்னதோடு வானிலைச் சொற்களையும் சேர்க்க வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது நினைவிருக்கும். அன்று பகல் முழுக்க நான் கைத்தொலைபேசியில் ஆங்கிலத் தளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் ‘வோட்ச்’, ஒன்றில் ‘வோர்னிங்’, ஒன்றில் ‘அலேர்ட்’. எனக்கு எல்லாம் எச்சரிக்கைதான். வோட்ச் என்றால் கைக்கடிகாரம் என்று நினைக்கிற அளவுக்கு நான் மோசமில்லை, ஆனாலும் எது பெரியது என்று தெரியவில்லை.

பிறகுதான் படித்தேன். அமெரிக்கச் சூறாவளி மையத்தின் கணக்கில் வோட்ச் என்றால் 48 மணி நேரத்துக்குள் வரக்கூடும், கவனித்திரு. வோர்னிங் என்றால் 36 மணி நேரத்துக்குள் வருமென்று எதிர்பார், ஆயத்தமாகு. நம் மொழிபெயர்ப்பில் இரண்டும் எச்சரிக்கையானால் ஒன்றுக்குமே பயமில்லாமல் போய்விடும். ‘கண்காணிப்பு’ என்று போட்டால் பொலிஸ் வருகிறது என்று நினைப்பார்கள்.

மொழிபெயர்க்கிறவள்

மூதூரான் தொட்டது என் அன்றாடப் புண். ‘முன்னெச்சரிக்கை’ என்று வோட்சுக்கும் ‘எச்சரிக்கை’ என்று வோர்னிங்குக்கும் எழுதிப் பார்த்திருக்கிறேன். முன்னெச்சரிக்கை என்றால் மக்கள் தாங்கள் எடுக்கும் நடவடிக்கை என்று கொள்கிறார்கள். ‘விழிப்பாயிருங்கள்’ என்று ஏவலாகவே எழுதுவதுதான் எனக்குப் பிடித்தது. பெயர்ச்சொல்லைத் தேடிக் களைப்பதைவிட வினையைப் போட்டுவிடலாம். மேலதிகாரிகளுக்கு அது பிடிக்காது, அவர்களுக்குத் தலைப்பு வேண்டும்.

‘கரையைக் கடந்தது’ என்று எழுதினீர்களே, அழகு. ஆங்கிலத்தில் ‘லேண்ட்ஃபோல்’. கடலோடிகள் பல நாள் ஓடி முதன்முதல் நிலத்தைக் காண்பதற்கு வைத்திருந்த சொல் அது. புயலும் கடலோடிதான் என்று வைத்துக்கொண்டார்கள். அவர்கள் புயலோடு கப்பலில் வருகிறார்கள். நாம் கரையில் நின்று பார்க்கிறோம்.

கிண்ணியா நானா

கரையில் நின்று பார்த்தவர்கள்தான் போனார்கள், தங்கச்சி.

மூதூரான்

2004 டிசம்பர் 26 காலையில் எந்தச் சொல்லும் வரவில்லை. வோட்சும் இல்லை, வோர்னிங்கும் இல்லை. இந்து சமுத்திரத்துக்கு அப்படியொரு ஏற்பாடே அன்று இருக்கவில்லை. சுனாமி என்ற சொல்லை நான் முதன்முதல் கேட்டது அன்று இரவு வானொலியில். ஜப்பானில் துறைமுக அலை என்று பொருளாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கவில்லை.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவில் மறுபடி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. எல்லோரும் ஓடினோம். அலை வரவில்லை. மாலையில் எச்சரிக்கையை ‘லிஃப்ட்’ செய்துவிட்டார்கள் என்று ஆங்கிலச் செய்தியில் கேட்டேன். தூக்கிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் உயரமான இடத்துக்குப் போக வேண்டுமோ என்று என் மைத்துனர் கேட்டார். அன்று அதற்கும் சிரிக்க முடிந்தது.

உவர்மலை வாத்தியார்

லிஃப்ட் என்றால் விலக்கிக்கொள்வது. எச்சரிக்கை, தடை, ஊரடங்கு மூன்றுக்கும் அது வரும். ஊரடங்கை விதிக்கும்போது ‘இம்போஸ்’, தளர்த்தும்போது ‘ரிலாக்ஸ்’, நீக்கும்போது ‘லிஃப்ட்’. இந்த மூன்று வினையையும் திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குப் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை.

ஊரடங்குக்கு ஆங்கிலம் ‘கேர்ஃபியூ’. பழைய பிரெஞ்சில் ‘நெருப்பை மூடு’ என்று பொருள். இரவில் மணியடித்ததும் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூட வேண்டும், ஊர் தீப்பற்றாமல் இருக்க. அவர்கள் அடுப்பை அடக்கினார்கள், நாங்கள் ஊரையே அடக்கிவிட்டோம்.

ரொறன்ரோவில் ஒரு திருமலையான்

இரண்டு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு பனி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘ப்ரோட்காஸ்ட்’ என்ற சொல்லை யாருமே தொடவில்லை. நானாவுக்குத்தான் அது மிகவும் தெரியும், அவருக்கே தெரியாமல்.

ப்ரோட்காஸ்ட் விவசாயச் சொல். நாற்று நடாமல், கையால் விதைநெல்லை அள்ளி அகல வீசுவது. ‘ப்ரோட்’ அகலம், ‘காஸ்ட்’ வீசுதல். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அப்படி வழங்கியது. 1920களில் வானொலி வந்தபோது, குறித்த ஒருவருக்கு அனுப்பாமல் எங்கும் இறைப்பதற்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 1922இல் பிபிசி தொடங்கும்போது பெயரிலேயே விதைப்பு வந்துவிட்டது. இறந்தகாலமும் ‘ப்ரோட்காஸ்ட்’ தான். ‘ப்ரோட்காஸ்டட்’ என்று சிலர் எழுதுகிறார்கள், அகராதியிலும் இருக்கிறது, எனக்குப் பல் கூசும்.

நம்மவர் ‘பரப்பு’ என்று எடுத்தது எவ்வளவு பொருத்தம். பிறகு அதிலும் ஒரு விளையாட்டு. வானொலிக்கு ஒலிபரப்பு, தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பு. ஒரு எழுத்தை மாற்றி இரண்டு தொழில்நுட்பத்தைப் பிரித்துவிட்டோம். ஆங்கிலத்தால் அது முடியாது. ல, ள உச்சரிக்கத் தெரியாத அறிவிப்பாளர்களாலும் முடியாது.

கிண்ணியா நானா

நேற்றுத்தான் வயலில் வீசி விதைத்தேன். விவசாயப் போதனாசிரியர் ‘ப்ரோட்காஸ்டிங்’ என்றுதான் சொல்வார். அவர் வானொலியில் பேசப் போகிறார் என்று என் மகன் நினைத்திருந்தான். விதைத்ததில் பாதியைக் காகம் தின்றுவிடும் தம்பி. வானொலியிலும் அப்படித்தானா?

ரொறன்ரோவில் ஒரு திருமலையான்

பாதியா! அப்பா வானொலிக்கு முன்னால் உட்கார்ந்தால் மின்விசிறியைக்கூட நிறுத்துவார், ஒரு சொல் சிந்தக் கூடாது என்று. கொழும்பில் 1925இல் தொடங்கியது, 1949இல் ரேடியோ சிலோன் ஆனது, எங்கள் காலத்தில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். அதை முடித்துவிட்டு இந்தியப் பக்கம் திருப்புவார், ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி’. இரவில் பிபிசி தமிழோசை. மூன்று இடத்திலும் ஒரே செய்தி வந்தால்தான் நம்புவார்.

வாசிப்பவர் பெயரைச் சொல்லும் வழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. பிபிசியில் செய்தி வாசிப்பவர் பெயரற்றவராகத்தான் இருந்தார். 1940இல் போர் நடக்கும்போது பெயர் சொல்லத் தொடங்கினார்கள். எதிரி பொய்ச் செய்தி ஒலிபரப்பினால் குரலை வைத்து மக்கள் அடையாளம் காண வேண்டும் என்பதற்காக. எனக்கு அதைவிடப் பிடித்தது 1930 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. செய்தி நேரம் வந்தது. இன்று செய்தி எதுவுமில்லை என்று சொல்லிவிட்டுப் பியானோ வாசித்தார்கள்.

அந்த மனிதருக்குப் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். பிரித்தானியாவில் ‘நியூஸ்ரீடர்’, இங்கே வட அமெரிக்காவில் ‘ஆங்கர்’, அதாவது நங்கூரம். சல்லிக்காரர் மகிழ்வார்.

திருமலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல 1984இல் திருகோணமலையில் ஒரு மறுஒலிபரப்பு நிலையம் அமைத்தது. 2013இல் அதை இலங்கையிடம் ஒப்படைத்துப் போனது. எங்கோ பேசியதை வாங்கி ஆசியாவுக்குத் திருப்பி அனுப்பிய கோபுரங்கள். ‘ரிலே’ என்ற சொல்கூட வேட்டையில் களைத்த நாய்களுக்குப் பதில் விடும் புதிய நாய்களைக் குறித்தது.

சொல்லாடி

தங்கச்சியின் பலகை எங்கே, நாய்கள் எங்கே. புலட்டின் இன்னும் மிச்சம் இருக்கிறது.

மொழிபெயர்க்கிறவள்

சுருக்கமாக முடிக்கிறேன். புலட்டின் இத்தாலியிலிருந்து வந்தது. அடியில் இருப்பது லத்தீன் ‘புல்லா’, முத்திரை. ஆகவே அதில் எப்போதும் ஒரு அதிகார வாசனை. நேரத்துக்கு வரும், சுருக்கமாக வரும். செய்தியறிக்கை என்று நாம் சொல்வது சரியான இணை. விடுதி புலட்டின் போடாது.

‘ப்ரொக்ளமேஷன்’ பிரகடனம், அதை நாடுதான் செய்யும். ‘சர்க்குலர்’ சுற்றறிக்கை, அது எங்கள் மேசைகளைச் சுற்றிக் கடைசியில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் முடியும். ‘கஸெட்’ வர்த்தமானி. வெனிஸ் நகரத்தில் அந்தப் பெயரில் ஒரு சிறு நாணயம் இருந்தது, செய்தித்தாளின் விலை அது, தாளுக்கே பெயராகிவிட்டது என்பார்கள். நம் நாட்டு வர்த்தமானி 1802இல் தொடங்கியது. மற்ற அறிவித்தல்கள் நடந்ததைச் சொல்லும். வர்த்தமானியில் வந்தால்தான் சில விடயங்கள் நடந்ததாகவே ஆகும். ‘கஸெட் பண்ணியாயிற்றா’ என்று கந்தோரில் கேட்பது அதனால்தான்.

பலகைக்கு என் பரிந்துரை. தலைப்பு ‘நோட்டிஸ்’ மட்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் ‘வோர்னிங்’ என்றும் போடலாம், சிவப்பில். அடுத்த வரி ‘டேஞ்சரஸ் சீ. டூ நொட் ஸ்விம்’. டேஞ்சர் பெயர்ச்சொல், டேஞ்சரஸ் பண்புச்சொல், மூதாட்டி அதற்குத்தான் கையைத் தட்டினார். படகுக்கு ‘கேன்சல்ட்’ வேண்டாம், அது ஒரேயடியாக இல்லை என்றாகும். ‘போஸ்ட்போன்ட்’ என்றால் எந்த நாளுக்கு என்று கேட்பார்கள். ‘சஸ்பெண்டட் அன்டில் ஃபர்தர் நோட்டிஸ்’. தமிழில் இதற்கு அச்சொட்டாக ‘மறு அறிவித்தல் வரை’ என்று இருக்கிறது. சொல்லாடி அவர்களே, ‘மறு அறிவிப்பு வரை’ என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சொல்லாடி

சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

உவர்மலை வாத்தியார்

ஒரு சின்னத் திருத்தம். ‘கைண்ட்லி பீ இன்ஃபோர்ம்ட்’ என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள் பிள்ளை. நம் கந்தோர்கள் அந்த வாசகத்தைக் கைவிட மாட்டா. மூழ்குகிறவனிடம்கூட அன்புடன் அறியத் தருவார்கள்.

நிலாவெளிப் பெண்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காலை புதிய பலகை வைத்தேன். ‘வோர்னிங்’ சிவப்பில், மிச்சம் கறுப்பில், அன்டில் ஃபர்தர் நோட்டிஸ் வரை எல்லாம் சரி. மூதாட்டி வாசித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். முகாமையாளர் சிங்களத்திலும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன்.

பத்து மணிபோல் தோட்டத்தில் வேலை செய்யும் பையன்கள் இரண்டுபேர் குளிக்கக் கடலுக்குப் போனார்கள். ஓடிப்போய்ப் பிடித்துக் கத்தினேன். பலகையில் இருக்கிறதே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். “அது வெள்ளைக்காரருக்கு என்று நினைத்தோம் அக்கா, தமிழில் ஒன்றும் இல்லையே” என்றார்கள்.

இரண்டு நாளாக இத்தனை பேரிடம் ஆங்கிலம் கேட்டவளுக்குத் தமிழில் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. திரும்பி வந்து சுண்ணக்கட்டியால் கீழே எழுதினேன்: ‘கடல் கொந்தளிப்பு. இறங்காதீர்கள். மறு அறிவித்தல் வரை படகு இல்லை.’ அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சல்லிக் கரை

நன்றாகச் செய்தீர்கள் தங்கச்சி. ஒன்று மட்டும். இன்று விடிய அந்தப் பக்கமாகப் போனேன். காற்று நேற்றுப் பின்னேரமே விழுந்துவிட்டது, கடல் குளம்போலக் கிடக்கிறது. படகுக்காரர் இருவர் உங்கள் பலகையைப் பார்த்துக்கொண்டு கரையில் குந்தியிருக்கிறார்கள், மறு அறிவித்தல் எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார்கள்.